ஃபோரத்தில் எழுதியவர்

கேழ்வரகில் நெய் வடிகிறது என்று யாராவது சொன்னால், கேழ்வரகை விட்டுவிட்டுச் சொன்னவருக்கு நெய்க்கடை இருக்கிறதா என்று பார்க்கிற ரகம் நான். நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் அந்தக் குணத்துக்கு நல்ல தீனி கிடைத்தது.

சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்திருந்தேன். இங்கே டாக்டராக வேண்டுமானால் பரீட்சைகளை மறுபடி எழுதி, ஏதாவது ஒரு மருத்துவமனையில் ரெசிடென்சி என்ற பயிற்சியில் சேர வேண்டும். குழந்தையை டேகேரில் விட்டுவிட்டுப் படித்து, நாடு முழுக்க விண்ணப்பம் போட்டேன். ஒரே ஓர் இடத்திலிருந்துதான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். இன்டர்வியூ முடிந்ததும் நாம் விருப்பப் பட்டியல் தர வேண்டும். பட்டியலில் போட்ட இடம் கிடைத்துவிட்டால் சேர்ந்தே தீர வேண்டும். பிடிக்கவில்லை என்று திரும்ப முடியாது. போடாவிட்டால் இன்னொரு வருடம் வீட்டில்தான். படிப்பு முடிந்து வருடங்கள் கூடக்கூட நம்மைச் சீந்துவாரும் குறைவார்கள்.

அந்த ஒரே இடத்தைப் பற்றி இன்டர்நெட் ஃபோரத்தில் பெயர் போடாமல் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். ஆள் போதாது, எல்லார் முன்னாலும் திட்டுகிறார்கள், வாயைத் திறந்தால் பழிவாங்குகிறார்கள் என்று ஒரே புலம்பல். கீழே பத்துப் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். நான் அவ்வளவு சுலபமாக நம்பிவிடவில்லை. பட்டியல் கொடுக்கிற பருவத்தில் போட்டிக்கு நிற்பவர்களே இப்படி எழுதி மற்றவர்களைத் துரத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். புகழ்ந்து எழுதியிருந்த இரண்டு பேர் மேல் அதைவிடச் சந்தேகம்; மருத்துவமனை ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுதின இங்கிலீஷ் அது. "ஃபோரத்த எல்லாம் நம்பாத. நம்ம பிளெய்ன்ஸ்பரோ வீட்லேர்ந்து இருபது நிமிஷ டிரைவ், வேற என்ன வேணும்?" என்றார் என் கணவர். அவருக்கு பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயிலையும் வேலையையும் விட மனமில்லை. ஆகவே அவர் கருத்தையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நீளமான புலம்பலில் ஓர் இடம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. 'வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் காரைவிட்டு இறங்குவதில்லை. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று இருந்தது. வேலை பார்க்கிறவன் தன் வேலையைப் பற்றி எழுதுவான். தான் காரில் உட்கார்ந்திருப்பதைத் தானே எட்டிப் பார்த்தா எழுதுவான்?

கணவரோடு ரயிலில் போகும் ஒருவருக்கு அந்த மருத்துவமனையில் இரண்டாம் வருட ரெசிடென்ட் ஒரு தமிழரைத் தெரிந்திருந்தது. வேலூர்ப் பக்கத்துக்காரர். இங்கே எதற்கும் முதலில் ஒரு தமிழரைப் பிடிப்பதுதானே வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார்கள்.

மான்மவுத் ஜங்ஷனில் மாடி அபார்ட்மென்ட். அவர் இன்னும் டியூட்டி முடிந்து வரவில்லை. என் கணவர் ஹாலில் டிவி பார்க்க, நான் சமையலறையில் அவர் மனைவியோடு நின்றேன். என்னைவிடச் சின்னவள், வந்ததிலிருந்தே வாய் நிறைய அக்கா. அப்பளம் பொரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தவள், "வந்துட்டாரு" என்றாள். ஆனால் கதவைத் திறக்கப் போகவில்லை. "மேல வர லேட் ஆகும்க்கா" என்று அடுத்த அப்பளத்தைப் போட்டாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். கீழே கார் நின்றிருந்தது. உள்ளே அவர், ஸ்டீயரிங்கில் தலை சாய்த்தபடி.

"ஃபோரத்துல எழுதினது நீங்கதானே?" என்றேன். நாக்கை அடக்கத் தெரியாது எனக்கு.

அவள் அடுப்பை அணைத்தாள். "மெதுவாக்கா. அவருக்கே தெரியாது. ஊர்ல சொன்னா அம்மா பயப்படுவாங்க. இங்க யார்கிட்ட சொல்றது? அதான் யாருன்னே தெரியாதவங்ககிட்ட சொன்னேன்."

அவர் மேலே வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "சூப்பர் ப்ரோக்ராம், மேடம்! கண்ண மூடிட்டு லிஸ்ட்ல ரேங்க் பண்ணுங்க" என்றார். விசா அந்த மருத்துவமனையின் கையில், வேறென்ன சொல்வார்? அவர் மனைவி தலை நிமிராமல் ரசம் பரிமாறினாள்.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். புருஷன் களைத்து வருகிறான் என்ற பெண்டாட்டியின் குறையை வைத்து ஒரு மருத்துவமனையை எடை போடலாமா? சென்னையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நான் ஸ்ட்ரெச்சரில் படுத்துத் தூங்கியவள்தான். எந்த ஊரில் பயிற்சி பஞ்சு மெத்தையாக இருந்தது? பட்டியலில் போட்டுவிடுவது என்ற முடிவோடுதான் இன்டர்வியூவுக்குப் போனேன்.

பயிற்சியின் தலைவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குழந்தையைப் பற்றி விசாரித்தார். எழுந்திருக்கும்போது, இன்டர்நெட்டில் எங்களைப் பற்றிப் படித்திருப்பீர்களே என்றார். ஆமாம் என்றேன். கவலையே வேண்டாம், அதை எழுதியவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டோம், அடுத்த வருடம் அவர் இங்கே இருக்கமாட்டார் என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

அந்த வேலூர்க்காரர் தலையில்தான் இடி என்று நினைத்தேன். மதியம் கார் வரை வழியனுப்ப வந்தவர் அவரேதான். தயங்கித் தயங்கி, அடுத்த வருடம் நீங்கள் இருப்பீர்களா என்று கேட்டேன்.

"எனக்கு கான்ட்ராக்ட் ரின்யூ ஆயிடுச்சு, மேடம். பாவம், என் கூட சேர்ந்த ஹைதராபாத் பையனுக்குத்தான் பண்ணல. ஏன்னு காரணமே சொல்லல. கொஞ்சம் எதிர்த்துப் பேசுவான், அவ்வளவுதான்."

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஃபோரத்தில் எழுதியிருந்ததற்குச் சாட்சி தேடி ஒரு மாதமாக அலைந்திருந்தேன். கடைசியில் அந்தத் தலைவரே தன் வாயால் சாட்சி சொல்லி, அதற்குப் பெருமையும் பட்டுக்கொண்டார்.

அந்த இடத்தை நான் பட்டியலில் போடவில்லை. "இருந்ததே ஒரு இன்டர்வியூ. அதையும் விட்டுட்டியா?" என்று கணவர் கத்தினார். எவனுக்கோ நடந்தால் உனக்கென்ன என்றார். அடுத்த முறை அந்த எவனோ நானாக இருப்பேன் என்றேன். சில நாள் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. அந்த வருடம் எனக்கு எங்கும் இடமில்லை. சேர்ந்தவர்களின் பட்டியல் வெளியானபோது பொறாமையில் வெந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டியலில் என் பெயர் இல்லை என்று தன் கணவர் மூலம் தெரிந்துகொண்டு அந்தப் பெண் ஃபோன் செய்தாள்.

"நான் எழுதினதாலயாக்கா நீங்க வரல?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன்? நீங்க வந்தா அவருக்குப் பேச ஒரு ஆளாச்சும் கிடைக்கும்னு நெனச்சேன்."

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பிறர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் சந்தேகப்பட்டே பழகிய எனக்கு, என்னை நம்பிக் கேட்டவளிடம் பொய் வரவில்லை. அவளுக்குப் பதிலாக அந்த ஹைதராபாத் பையனைப் பிடித்துவிட்டார்கள் என்று சொன்னேன்.



"போன ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வந்திருந்தாருக்கா" என்றாள். "எதுக்குத் தன்ன அனுப்பறாங்கன்னு என் கையால சாப்டுக்கிட்டே எங்கிட்ட கேட்டாரு."