பதிவேட்டில் ஏறிய எடை

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால், எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது அங்கன்வாடி. மூன்றரை வயது மகளை அங்கே விட்டுவிட்டு நான் வீட்டு வேலைக்குப் போவேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். அவள் கை மெலிந்ததுபோல் தெரிந்த நாளிலிருந்து, வாரம் ஒரு முறை பழைய பேப்பர் கடை எலக்ட்ரானிக் தராசில் உட்கார வைத்துப் பார்த்தேன்.

"இன்னாக்கா, பாப்பாவ எடைக்குப் போட இட்டாந்துகிறியா? இந்த வெயிட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம்கூட தேறாது" என்று கடைக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஒன்பது கிலோ அறுநூறு. மூன்று மாதமாக அதே எண்.

அங்கன்வாடியில் சத்துமாவுக்குக் கையெழுத்துப் போட்டபோது எடைப் பதிவேடு திறந்து கிடந்தது. என் மகளுக்கு நேரே பன்னிரண்டு கிலோ எண்ணூறு. பச்சைக் கட்டம். நன்றாக வளர்கிறாள் என்று அர்த்தம். சிவப்பில் இருந்தால்தான் மாவு கூடுதலாகத் தருவார்கள், டாக்டருக்கு எழுதித் தருவார்கள். பக்கத்தைப் புரட்டினேன். எல்லாப் பிள்ளைக்கும் மாதம் இருநூறு கிராம் ஏறியிருந்தது. பொங்கலுக்கு முன்பே பூந்தமல்லிக்குக் குடிபோன வீட்டுப் பிள்ளைகூட இங்கே தவறாமல் எடை ஏறிக்கொண்டிருந்தது.

டீச்சரிடம் மெதுவாகத்தான் கேட்டேன். சுற்றி நாலு அம்மாக்கள் இருந்தார்கள்.

"எட்டாங்கிளாஸ தாண்டல, நீ எனக்கு எழுதக் கத்துக் குடுக்கிறியா? ஊட்ல புள்ளைக்கு ஒயுங்கா சோறு போடு. தன்னால ஏறும்."

நாலு பேரும் சிரித்தார்கள். நான் சாப்பிடாமல் அவளுக்கு ஊட்டிய நாட்கள் எனக்குத்தான் தெரியும். சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கன்வாடியில் கொடுத்த எடை அட்டையைப் பார்த்துவிட்டு, "பச்சையிலதானே இருக்கு, ஏன் பயப்படுறே?" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த டீச்சரை விடக்கூடாது என்று.

நாலாம் நாள் டீச்சரே வீட்டுக்கு வந்தார். "நாளைக்கு மேடம் வராங்கம்மா. புள்ளைங்க தலை குறையக் கூடாது. பாப்பாவுக்கு நல்ல கவுனு போட்டு அனுப்பு."

மேடம் என்றால் அங்கன்வாடிகளை மேற்பார்வை பார்க்கிற அதிகாரி. அவர் வருகிற அன்றுதான் அங்கே பீரோ மேலிருக்கும் பொம்மைகள் கீழே இறங்கும். "சரிங்க டீச்சர்" என்று சிரித்து, காபி போட்டுக் கொடுத்தேன். "சக்கரை போதுமா டீச்சர்?" என்றும் கேட்டேன்.

அவர் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. அங்கன்வாடி எடை மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டால்? பேப்பர் கடைக்காரரைக் கெஞ்சித் தராசை வாங்கினேன். காலையில் அதைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்து, மகளை மறுகையில் பிடித்துக்கொண்டு போனேன்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், எம் புள்ளைய ஒரு தபா நிறுத்துப் பாருங்க."

"மெஷின் ரிப்பேரு மேடம்" என்றார் டீச்சர்.

நான் போர்வையை அவிழ்த்தேன்.

"பேப்பர் கட தராசு மேடம் அது!" என்று டீச்சர் கத்தினார். அங்கிருந்த அரைக்கிலோ சத்துமாவுப் பாக்கெட்டை எடுத்து அதன்மேல் வைத்தேன். அரைக்கிலோ காட்டியது. பாக்கெட்டை எடுத்துவிட்டு மகளை உட்கார வைத்தேன். ஒன்பது அறுநூற்று ஐம்பது.

மேடம் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக ஏற்றினார். ஒன்றும் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை. பூந்தமல்லிப் பிள்ளை எங்கே என்று கேட்டபோது டீச்சர் முகம் போன போக்கை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். என் மகள் எடையை மேடம் திருத்தச் சொன்னார். திருத்தியதன் கீழே மேடம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டபோதுதான் கவனித்தேன், ஒவ்வொரு மாதத்துக்கும் கீழே அதே பச்சைக் கையெழுத்து.

மறுநாளே மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தமும் குறைவு என்றார்கள். பதினைந்து நாள் இருந்தோம்.

வீடு திரும்பிய அன்று டீச்சர் வாசலில் நின்றார். "எனக்கு மெமோ குடுத்துட்டாங்கம்மா. செவப்பு எழுதினா மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சிக் கேக்குறது அதே மேடம்தான். தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடேன். ரெண்டு பொண்ணு கீதும்மா எனக்கு."

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். கண்ணீரும் உண்மைதான்.

"எனக்கு ஒண்ணுதான் டீச்சர் கீது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பாவம் என்று தோன்றும் எனக் காத்திருந்தேன். தோன்றவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்க, எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் எழுதினேன். டீச்சரைப் பற்றி இரண்டே வரி. மீதியெல்லாம், பச்சை மையில் கையெழுத்துப் போட்டவரைப் பற்றி.