மேல் துண்டு ஏன் திறக்கவில்லை

சர்க்கரை ஆலை டர்பைனுக்காக நாங்கள் செய்த சீல் வளையத்தைச் சோதிக்க நீராவி வேண்டும். திருச்செங்கோட்டில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் நானும் என் கணவரும் அதற்கு எங்கே போவது? இட்லிக் குண்டானில் வருவது பத்தாது. ஆனால் எங்கள் ஊரில் போர்வெல் வண்டிக்குப் பஞ்சமில்லை. அதன் கம்ப்ரசர் காற்றே போதும் என்று முடிவு செய்தோம். மல்லசமுத்திரத்துக்குப் போர் போடக் கிளம்பிய தெரிந்த வண்டிக்காரர், போகிற வழியில் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்க்கா, இதுல தண்ணி வருமுங்களா?" என்றார். அன்று முழுக்க இதையே கேட்டு என் உயிரை எடுத்தார்.

டர்பைன் தண்டைச் சுற்றி நீராவி கசியாமல் காப்பது சீல். தண்டுக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் தண்டு ஆடும். நெருங்கி நிற்கும் சீலின் பற்கள் தேய்ந்து நாசமாகும். அதனால் எங்கள் வளையத்தை ஆறு துண்டாகச் செய்து, ஒவ்வொன்றையும் விலக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்தோம். அழுத்தம் ஏறினால் நீராவியே துண்டுகளை உள்ளே தள்ளும், இறங்கினால் ஸ்பிரிங் விலக்கும். குடித்துவிட்டு ஆடி வருகிறவனுக்கு ஒதுங்கி நின்று, தெளிந்தபின் பக்கத்தில் உட்காருவது போலத்தான்.

ஆலை என்ஜினியர் பார்க்க வந்திருந்தார். பராமரிப்புக்காகத் திறந்து வைத்திருந்த டர்பைனை மறுநாள் மூடுகிறார்கள். "இது ஆவுலைன்னா பழைய ரிங்குதான் அம்மணி. அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். அடுத்த வருடம் யாரும் கூப்பிடப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாதா?

சோதனைக்கென்று செய்த கூட்டில் ஒரு தண்டைச் சுற்றி வளையத்தை மாட்டிக் காற்றை விட்டோம். காற்று ஏறியது, எல்லாத் துண்டும் தண்டை நெருங்கி மூடின. காற்றை நிறுத்தினோம், ஐந்து விலகித் திறந்தன, உச்சியில் இருந்தது மட்டும் அசையவில்லை. கம்ப்ரசர் காற்றோடு வந்த எண்ணெய்ப் பிசுக்கு என்றார் என் கணவர். கழற்றித் துடைத்தோம். மேசையில் வைத்து அழுத்தி விட்டால் அது ஜோராகத் துள்ளியது. திரும்ப மாட்டினால் அதே அடம். எரிச்சலாக வந்தது, ஆனால் ஏன் என்று தெரியாமல் விடவும் மனம் வரவில்லை.

வளையத்தைக் கொஞ்சம் திருப்பி, வேறொரு துண்டு உச்சிக்கு வரும்படி மாட்டச் சொன்னேன். இப்போது அது திறக்கவில்லை! பழைய குற்றவாளி பக்கவாட்டில் சமர்த்தாகத் திறந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டில் கோளாறில்லை, இடத்தில்தான். மேசையில் வளையம் படுத்துக் கிடந்தது. நிமிர்த்தி மாட்டியதும் உச்சித் துண்டு தன் எடையாலேயே தண்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பிரிங் போட்டிருந்தோம்.

என் கணவர் தடித்த கம்பியை லேத்தில் சுற்றி உச்சிக்கு மட்டும் வேறு ஸ்பிரிங் செய்தார். அது மூடவிடாமல் தடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். மூடியது. காற்றை நிறுத்தினோம். டக்கென்று ஆறும் ஒன்றாக விலகின.

என்ஜினியர் குனிந்து உச்சித் துண்டைப் பார்த்தார். "இன்னொருக்கா உடுங்க" என்றார். மறுபடியும் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஆலைக்குப் பேசினார்.

"பழைய ரிங்கைப் போட்றாதீங்க. நாங்க வாரோம்."

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். "தண்ணி வந்துருச்சுங்கண்ணா" என்றேன்.