ஜன்னலுக்குக் கீழே நின்ற வேன்

"உன் தங்கச்சிக்கு என்னடி ஆச்சு?" என்று சித்தி கேட்டபோது எனக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் நானும் அவளும் ஒரே அறையில்தான் தூங்கினோம்.

தங்கை அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் பையை வீசுவாள். தலைவலி என்பாள். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவாள், பிறகு காரணமே சொல்லாமல் அழுவாள். இரவெல்லாம் புரண்டுகொண்டிருப்பாள். "போனைப் பிடுங்கினா எல்லாம் சரியாயிடும்" என்றார் அம்மா. பிடுங்கியும் பார்த்தோம். "வயசு அப்படி" என்றார் அப்பா. ஒரு நாள் காலையில், "இனிமே நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் சித்தி தங்கையின் பள்ளிக்கு வேன் ஓட்டுபவர். அங்கே நிற்கும் வேன் வரிசையில் அவர் ஒருவர்தான் பெண். அவர் குரல் எடுத்தால் தெருமுனையில் நிற்கும் மாடுகூட விலகும் என்பதால் மற்ற ஓட்டுநர்கள் 'ஹாரன் அக்கா' என்பார்கள். தங்கை என்றால் அவருக்கு உயிர். அவள் வெயிலில் நடக்கக் கூடாது என்று எல்லோருக்கும் முன்னால் வந்து, அவளுடைய வகுப்பு ஜன்னலுக்குக் கீழேயே வேனை நிறுத்துவார். ஏறும்போது உள்ளே ஏசியில் குளுகுளுவென்று இருக்க வேண்டும், அதனால் எஞ்சினை அணைக்கவே மாட்டார். மற்றவர்களும் அணைப்பதில்லை. எல்லாம் பழைய டீசல் வண்டிகள், அணைத்தால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும்.

அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் பெற்றோர் கூட்டத்துக்குச் சித்தி போனார். நானும் கூடப் போனேன். எஞ்சினை ஓடவிட்டுத்தான் மாடி வகுப்புக்கு ஏறினார். தங்கையின் இடத்தில் அவரை உட்காரவைத்து, "ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டுமே" என்றார் ஆசிரியை. சித்தி பதில் சொல்ல வாய் திறந்தார். இருமல்தான் வந்தது.

"என்ன டீச்சர், மூச்சே விட முடியல?"

"கடைசி ரெண்டு பீரியடும் இப்படித்தாங்க. ஜன்னலை மூடினா வெந்துடுவோம்."

சித்தி எட்டிப் பார்த்தார். நேர் கீழே அவருடைய வேனின் புகைக்குழாய்.

கீழே இறங்கிப் போய் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

மறுநாளே தங்கையை டாக்டரிடம் கூட்டிப் போனார். புகை நுரையீரலோடு நிற்காது, பிள்ளைகளின் தூக்கத்தையும் மனதையும்கூடக் கெடுக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்ட வேண்டாம், இவள் மனம் விட்டுப் பேசவும் ஆள் வேண்டும் என்று மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அங்கேயும் சித்திதான் கூட்டிப் போனார்.

பிறகு ஓட்டுநர்களிடம் வந்தார். "என் வண்டிதான்யா முதல் வண்டி. எம்புள்ளைக்கு நானே புகை போட்டிருக்கேன். இனிமே இங்க எஞ்சின் ஓடக் கூடாது."

"பெரிய கலெக்டரு! என் வண்டிய அணைச்சா கிளம்பாதுக்கா. நீ வந்து தள்ளுவியா?" என்றார், 'தள்ளுவண்டி' என்று பேரெடுத்த ஓட்டுநர்.

"தள்ளுறேன்."

சொன்னபடியே தள்ளினார். எத்தனையோ நாள், பள்ளிக்கூடமே பார்க்க. பிள்ளைகள் சிரித்தார்கள், அப்புறம் அவர்களும் இறங்கித் தள்ளினார்கள். மறுபடி பள்ளிக்கு வரத் தொடங்கியிருந்த தங்கையும் ஒரு நாள் முடியை முடிந்துகொண்டு இறங்கினாள். "சித்தி, நீ தள்ளுறியா, சும்மா பிடிச்சிட்டு வர்றியா?" என்று அவள் கத்தினாள். அவள் யாரையாவது கிண்டல் செய்து எவ்வளவோ நாளாகியிருந்தது. கண்ணைத் துடைக்கச் சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். இப்போது வேன்கள் எல்லாம் பள்ளிக்குப் பின்னால் காலி மைதானத்தில் அணைந்து நிற்கின்றன. பிள்ளைகள் நடந்து போய் ஏறுகிறார்கள்.

தங்கைக்கு இப்போதும் சில நாட்களில் மனம் சரியில்லாமல்தான் இருக்கிறது. அப்போது அதை வாய்விட்டுச் சொல்கிறாள். பள்ளியை விடவில்லை, இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு. தன் தப்பைத் தெருவில் நின்று ஒப்புக்கொண்ட ஒருவர் எனக்குச் சித்தி என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

உங்கள் ஊரிலும் ஏதாவது பள்ளி வாசலில், பிள்ளைமேல் உள்ள பாசத்தில் எஞ்சினை ஓடவிட்டு யாராவது காத்திருப்பார்கள். திட்டாதீர்கள். அவர்களிடம் என் சித்தியின் கதையைச் சொல்லுங்கள்.