காட்டைப் பெருக்கியது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கோப்பெங் ஊரைத் தாண்டி, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் ஓரமாக ஓடும் ஒரு தார்ச்சாலைக்குள் நுழைந்தேன். ஓடும் என்றா சொன்னேன்? அது ஓடுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. நெடுஞ்சாலை வந்ததும் எல்லாரும் மறந்துபோன சாலை.

ஊர், நாள், யார் சொன்னது... இவை இல்லாமல் நான் எதையும் எழுதுவதில்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு கோயிலை கிந்தா ஆற்றின் தப்பான கரையில் வைத்து எழுதிவிட்டேன். அடுத்த வாரமே திருத்தம் போட்டேன். அதற்குள் வந்து குவிந்த கடிதங்கள் — சரி, அதை விடுங்கள்.

கூட வந்தவன் நண்பன் கனகு. ஈப்போவில் கார் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவனுக்குச் சரித்திரத்தில் ஆர்வம் கிடையாது. திரும்பி வரும் வழியில் நான் வாங்கித் தரும் சாப்பாட்டில் உண்டு.

சாலையின் வாயிலேயே எனக்கு ஒரு சந்தேகம். லாலான் புல் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. அதன் குறுக்கே ஒரு முள் மூங்கில் கிளை விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். மேலே மூங்கிலே இல்லை. பக்கத்திலும் இல்லை. கிளையின் அடியைப் பார்த்தால்... வெட்டு. அதுவும் இன்னும் காயாத வெட்டு.

விழுந்த கிளை இல்லை. வைத்த கிளை.

"காத்துல வந்திருக்கும்லா," என்றான் கனகு.

பாராங்கத்தியால் வெட்டிக்கொண்டா காற்று வரும்?

கிளையைத் தாண்டி உள்ளே போனோம். தார் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. ரப்பர் மரத்தின் வேர் ஒன்று அடியிலிருந்து சாலையை முதுகால் தூக்குவதுபோல் தூக்கியிருந்தது. இரண்டு பக்கமும் பெரணிச் செடிகள். ரப்பர் கொட்டை வெடித்து முளைத்த கன்றுகள் நடுச்சாலையில் நின்றன. ஒரு மைல்கல்லும் அகப்பட்டது. எண் அழிந்திருந்தாலும் மைல் என்ற ஆங்கில எழுத்துகள் தடவினால் கைக்குத் தட்டுப்பட்டன. நாடு கிலோமீட்டருக்கு மாறுவதற்கு முன்பே நட்ட கல். நான் டேப்பை எடுத்து அதன் உயரத்தை அளக்கத் தொடங்கினேன்.

"கல்லுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, கனகு தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அளந்து நிமிர்ந்தபோதுதான் அடுத்த சந்தேகம். வாயில் நெஞ்சளவு நின்ற புல், இங்கே ஏன் பந்து விளையாடும் திடல்போல் ஒட்ட இருக்கிறது? குனிந்து பார்த்தேன். இயந்திரம் வெட்டியிருந்தால் நுனி ஒரே மட்டமாக இருக்கும். இது அப்படி இல்லை. சாலையோரத்து ஈர மண்ணில் மெல்லிய கோடுகள், விசிறி விசிறியாக. விளக்குமாறு போட்ட கோடுகள்.

காட்டை யார் பெருக்குகிறார்கள்?

கொஞ்சம் தள்ளி ஒரு நீல வாளி, கழுவிக் கவிழ்த்தபடி. தொட்டேன். ஈரம்.

கனகுவின் குரல் இறங்கியது. "மச்சான், எவனோ சம்சு காய்ச்சுறான்லா. வா போலாம்."

எனக்குக் கள்ளச்சாராயச் சந்தேகம் இல்லை. நிலத்தை வளைத்துப் போட யாரோ சத்தமில்லாமல் சுத்தம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். சந்தேகப்படுவதிலும் அவரவர் படிப்பு, அவரவர் தொழில்.

"என்னா சார் அளக்குறீங்க?"

பின்னால் ஒரு பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். ரப்பர் பூட்ஸ், கையில் பாராங்கத்தி.

"மஜ்லிஸா?" என்றார். நகராண்மைக் கழகத்து ஆளா என்று கேட்கிறார்.

"இல்லக்கா. நான் பேப்பர்ல எழுதுறவன்."

அது அதைவிட மோசமான பதில் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"பேப்பர்ல எழுதுறவருக்கு டேப் எதுக்கு?"

"நானும் அதத்தான்க்கா ரொம்ப வருசமா கேக்குறேன்," என்றான் கனகு.

நான் விடவில்லை. "நீங்க இங்க என்னக்கா செய்றீங்க?"

"கீரை பறிக்க வந்தேன்."

"கூடை காணோமே?"

அவர் வாளியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் புதருக்குள்ளிருந்து நீளமாக, நிதானமாக ஒரு குரல் வந்தது. அக்கா இருமினார். இரண்டாம் முறையும் அதே குரல் வந்தது.

"கீரை கத்துதுக்கா," என்றான் கனகு.

இனி மறைக்க ஒன்றுமில்லை. நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு பழுப்பு மாடு பெரணியை விலக்கிக்கொண்டு வந்து, என் டேப்பை முகர்ந்து பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், கன்றோடு ஒன்று.

"எஸ்தர், உள்ள போ," என்று அதட்டினார் அக்கா. எஸ்தர் போகவில்லை.

அக்காவின் பெயர் ரோசலின். இந்தத் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தோட்டம் கைமாறியது, ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. தொழிலாளர் லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்குப் போனார். கொல்லையில் நின்ற மாடுகளும் கூடவே போயின. அண்டை வீட்டார் புகார் கொடுத்தார்கள்.

"மஜ்லிஸ்காரங்க லோரியில ஏத்திட்டுப் போனாங்க சார். ரெண்டு போச்சு. திரும்பி வந்தது ஒண்ணு." எஸ்தரின் முதுகைத் தட்டினார். "இந்தா நிக்குதே, இதான். இதோட தங்கச்சி வரல."

அதற்குப் பிறகுதான் இந்தச் சாலை. இடது பக்கம் செம்பனைக் கம்பெனி. வலது பக்கம் வீடு கட்டப் போகிறவர்கள். "நடுவுல ரோட்டுக்கு மட்டும் எவனும் சொந்தம்னு வரல சார்."

ஆக, வாயில் புல்லை வளரவிட்டு, முள் கிளையைப் போட்டு, சாணியை அள்ளிக் காய்கறித் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, குளம்புத் தடத்தைப் பெருக்கி... ஒரு சாலையைப் பாழடைந்ததுபோல் காட்டத் தினமும் பாடுபடுகிறார். நான் அதைக் காடு என்று நம்பி வந்திருக்கிறேன்.

"தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவங்க எங்கிட்ட வந்துதான் பால் வாங்குவாங்க. எஸ்தர் பாலுன்னு மட்டும் நான் சொல்றதில்ல," என்று முதல்முறையாகச் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. கனகுவின் கைப்பேசியைப் பார்த்துவிட்டார்.

"படம் எடுத்தீங்களா?"

"சும்மா ரோட்டத்தான் எடுத்தேன்க்கா." கனகு என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "நம்ம ஸ்கூல் குரூப்புல போட்டுட்டேன் மச்சான்."

அக்கா பாராங்கத்தியைக் கை மாற்றிப் பிடித்தார். அவ்வளவுதான். கனகு அத்தனை வேகமாக எதையும் அழித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அதற்குள் ஒருவர் பார்த்துவிட்டார். பதிலும் போட்டுவிட்டார்: 'நல்ல இடமா இருக்கே. எங்க இது?'

அவர் எங்களோடு படித்தவர். இப்போது நிலத் தரகர். தீபாவளி வாழ்த்துக்குக்கூடப் பதில் போடாத மனிதர்.

கிளம்பும்போது அக்கா என் பக்கத்தில் வந்தார். சார் போய் அண்ணன் வந்திருந்தது. "அண்ணே, எழுதுறதுன்னா எழுதுங்க. வழி மட்டும் சொல்லிடாதீங்க. இத விட்டா இதுங்களுக்கு வேற இடம் இல்ல."

வழியை எழுத மாட்டேன் என்று சொன்னேன். அவர் நம்பினாரா? காரை எடுக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். முள் கிளையைப் பழையபடி இழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் வண்டி எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம்பவில்லை. சரியான பெண்மணி.

கைவிடப்பட்ட சாலை, கைவிடப்பட்ட தோட்டம் என்று நானும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வாரங்கள் எழுதியிருக்கிறேன். கைவிட்டது யார் என்று ஆராய்ந்திருக்கிறேன். கைவிடாமல் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருக்கிறேனா?

தரகர் இந்த வாரம் மூன்று முறை அழைத்துவிட்டார். கடைசி முறை, "சும்மாதான் கேட்டேன்லா," என்றார். சும்மா கேட்பவர்கள் ஒரு முறைதான் கேட்பார்கள். அவர் இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிப்பவர். என் ஊர்ப் பெயர்களில் பிழை இருக்காது என்று நாலு பேரிடம் சொல்பவரும்கூட.

முதல் வரியில் கோப்பெங் என்று போட்டிருக்கிறேன். அந்த வட்டாரத்தை மூலைமுடுக்கெல்லாம் அறிந்த வாசகர்கள், 'அங்கே அப்படி ஒரு சாலையே கிடையாதே' என்று திருத்தம் கேட்டு எழுத இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பீர்கள்.

மூடிவிடுங்கள். எனக்கும் தெரியும்.