கலைஞ்சதா, கலைச்சதா

ஜும்ஆ நேரம். த்ரீவீல்கள் பள்ளிவாசல் முன்னால் வரிசையாக நின்றன, ஓட்டுபவர்கள் உள்ளே. நான் தம்பி மகளின் படுக்கைக்கும் தெருவாசலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன்.

மூன்று பிள்ளைகளின் தாய். நாலாவது வேண்டாமென்று, கடதாசியில் சுருட்டிய கருக்கலைப்புக் குளிசைகளை யாரிடமோ வாங்கி முதல்நாள் போட்டிருக்கிறாள். இரத்தம் போகத் தொடங்கிய பிறகுதான், ஓய்வுபெற்ற நர்ஸான இந்த மாமியின் ஞாபகம் வந்தது.

"எவ்வளவு போகுது?"

"நிறைய."

"நிறையண்டா?"

"தெரியா மாமி. பயமா இரிக்கி."

சரியான குளிசை, சரியான அளவு, சரியான மாதம் என்றால் பயப்பட அதிகமில்லை. கருக்கலைப்பைக் குற்றமாக்கிய நம் நாட்டுச் சட்டம் மூன்றையும் கடதாசிச் சுருளிடம் ஒப்படைத்திருக்கிறது.

"எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"பொலிஸுக்குச் சொல்லுவாங்க. தானா கலைஞ்சதெண்டு சொல்லுங்க மாமி."

பாண்டிருப்புப் பக்கமிருந்து வந்த த்ரீவீலை மறித்தேன். வழி முழுக்க அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இளம் டொக்டர் திரையை இழுத்துவிட்டுக் கேட்டார்: "கலைஞ்சதா, கலைச்சதா?"

தமிழில் ஓர் ஒற்றெழுத்து வித்தியாசம். சட்டத்தில் சிறை. சிகிச்சை பெரும்பாலும் ஒன்றுதான்; ஆனால் சுருளில் என்ன இருந்ததென்று தெரியாமல் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கலைச்சது," என்றாள். மிஞ்சிய குளிசையை நீட்டினாள்.

அவர் அதைத் திருப்பி, பொறித்திருந்த எழுத்தைப் படித்துத் தலையசைத்தார். ஸ்கேன் எடுத்தார்கள்.

"எல்லாம் வெளியேறிட்டு. இவ்வளவு இரத்தம் போறது வழமை. ஏன் இப்பிடி நடுங்குறீங்க?"

"வழமையாண்டு கேக்க ஆள் இல்ல டொக்டர்."

"நம்மட பழைய நர்ஸ் மிஸ் இரிக்காங்களே," என்று என்னைக் காட்டினார்.

"மாமிக்கு எல்லாம் தெரியும். இது மட்டும் ஸ்கேன் பாத்தாத்தான் தெரியுமாம்."

டொக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குளிசை எவ்வளவு ஆபத்து என்று நாளை யாராவது கணக்கெடுத்தால், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் இவளும் ஒருத்தி. கேட்க ஆளில்லாமல் வந்தாள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமிருக்காது.

திரும்பும்போதும் த்ரீவீலில் அவள் இருக்கையின் நுனியில்தான் இருந்தாள்.

"டொக்டர் எதை எழுதினாரு? கலைஞ்சதெண்டா, கலைச்சதெண்டா?"

எட்டிப் பார்த்திருந்தேன். "இங்கிலீசில 'அபோர்ஷன்' எண்டு எழுதினாரு. ஆஸ்பத்திரி இங்கிலீசில ரெண்டுக்கும் ஒரே சொல்தான் புள்ள."

அவள் பின்னால் சாய்ந்தாள்.

"நல்ல பாஷ," என்றாள்.