தூரத்துக் கிரேக்கரின் தட்டு

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு தட்டின் மீது ஆசைப்படுவதற்கு நான் மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கே, பாக்திரியாவில் குடியேறிய கிரேக்கர்களின் தட்டு அது. நூலகப் புத்தகத்தில் படத்தைப் பார்த்தேன். சிவப்புப் பூச்சு அடிவரை போகாமல் பாதியில் வழிந்து நின்றிருந்தது. பூசியவனுக்கு என்ன அவசரமோ. அந்த அவசரக்காரனைப் பற்றித்தான் என் முதுமாணிப் பட்ட ஆய்வு என்று முடிவு கட்டிவிட்டேன்.

பழைய மட்பாண்டத்தை வரைய ஒரு முறை இருக்கிறது. படத்தில் ஒரு பாதி வெளித்தோற்றம். மறுபாதி, நடுவே வெட்டினால் தெரியும் கனம். கை பழக வேண்டுமே என்று பன்வில தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு அடுப்படியில் இருந்ததையெல்லாம் வரைந்தேன். விளிம்பு உடைந்த தேத்தண்ணிக் கோப்பை, பூப்போட்ட சோற்றுப் பீங்கான், ஊறுகாய் ஜாடி. சோற்று நேரத்தில் பீங்கானை அளந்துகொண்டிருந்தால் அம்மா திட்டாமல் என்ன செய்வார்?

தலைப்புக்கு ஒப்புதல் தரும் நாளில், குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று விரிவுரையாளர்கள். யாழ்ப்பாணத்துக்காரரான மூத்தவர் என் கோப்பின் பக்கங்களைப் புரட்டினார். பாக்திரியத் தட்டைத் தாண்டி, பின்னால் செருகியிருந்த எங்கள் அடுப்படிப் படங்களில் வந்து நின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான் தலைப்பு. உம்மட தோட்டத்துச் சாமான்களை எழுதும், பிள்ளை. உமக்கு ஏன் அந்தத் தூரத்துக் கிரேக்கர்?”

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர் கெட்டவர் அல்ல. எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்தில் பிறந்தவள் தோட்டத்தை எழுத வேண்டும். உலகத்தை மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். முதுகிலிருந்து இறக்கிய கொழுந்துக் கூடையைப் பேனாவில் மாட்டிவிடப் பார்க்கிறார்கள்.

“சேர், நீங்க யாழ்ப்பாணத்தப் பத்தியா எழுதினீங்க?”

லண்டனில் அவர் எழுதியது கிரேக்கக் கோயில்களைப் பற்றி. அது எல்லோருக்கும் தெரியும். வேறு தலைப்போடு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். “நம்ம பீங்கான எழுத அவருக்கு அவ்ளோ ஆசைன்னா, வந்து எழுதச் சொல்லு. அதுலயே சோறும் போடுறேன்” என்றார்.

அடுத்த வாரம் அதே தலைப்பைக் கொடுத்தேன். அம்மா சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். மூத்தவர் பாக்திரியத் தட்டை முதல்முறையாக நின்று பார்த்தார்.

“ஓம், எழுதும்.”

மூன்று கையெழுத்தும் விழுந்தன. எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வது எங்கள் லயத்தில் ஊறிப்போன பழக்கம். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்து வந்தேன்.