ஓட விட்டே போடு

அந்தச் சூப்பர்வைசர் செத்துப்போனான் என்று யாரோ வந்து சொன்ன அன்றைக்கு நான் வழக்கத்தை விட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். பாவம் புண்ணியம் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் சட்னி அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

எழுபதுகளில், தேனிக்குத் தெற்கே கம்பம் ரோட்டை ஒட்டிய ஒரு ஜின்னிங் மில்லில் வேலை பார்த்தேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்குகிற இடம். வரிசையாக மிஷின்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெண் நின்று பருத்தியை அள்ளி அள்ளிப் போட வேண்டும். மூக்கில், இமையில், தூக்குச்சட்டிச் சோற்றில் எல்லாம் பஞ்சுத் தூசி. வீட்டுக்குப் போய்த் துப்பினால் எச்சிலிலும் பஞ்சு வரும். தண்ணீர் குடிக்க நகர்ந்தால், "சுருளி அருவிக்குக் குளிக்க வந்தியாத்தா?" என்பான் அந்தச் சூப்பர்வைசர். அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டோம்.

பொறுக்க முடியாதது பெல்ட். எல்லா மிஷினையும் ஒரே மோட்டார்தான் சுற்றியது. மேலே சுழலும் இரும்புத் தண்டிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். வெயில் ஏறினால் பெல்ட் வழுக்கும், கீச்சுக் கீச்சென்று கத்தும். குங்கிலியப் பொடியைத் தூவினால் பிடித்துக்கொள்ளும். மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூவலாம்தான். ஆனால் ஒரு மிஷினுக்காக நிறுத்தினால் எல்லாமே நின்றுவிடும். அதனால் பெல்ட் கத்தினால் போதும், அவன் எந்த மூலையிலிருந்தாலும் குரல் வரும்: "நிப்பாட்டாத, ஓட விட்டே போடு." நாங்கள் அவனுக்கு வைத்த பெயரே 'ஓடவிட்டே'. கை உள்ளே போகாதபடி பெல்ட்டைச் சுற்றி ஒரு கம்பி வலை இருக்க வேண்டும். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் இருக்கும். மற்ற நாளெல்லாம் குடோன் சுவரில் சாய்ந்து கிடக்கும்.

எனக்கு அடுத்த மிஷினில் நின்றவள் வீரபாண்டிக்காரி. சொந்தமில்லை, மதினி என்று கூப்பிட்டுப் பழக்கம். அவள் பூக்கட்டுவதை வேடிக்கை பார்க்கலாம். ஊர்க்கதை பேசிக்கொண்டே, நடுவில் என்னையும் திட்டிக்கொண்டே, பூவைப் பார்க்காமலே கட்டுவாள். ஆயுத பூஜைக்கு மில்லில் அத்தனை மிஷினுக்கும் அவள் கட்டிய சரம்தான். அந்தச் சரத்தைப் போட்டுக்கொண்ட மிஷின்தான் அவள் வலது கையில் இரண்டு விரலைத் தின்றது. "ஓட விட்டே போடு" என்று அவன் கத்தியதை நான் இந்தக் காதால் கேட்டேன். அவள் போட்டாள். பெல்ட் கையை இழுத்துக்கொண்டது.

முதலாளியிடம் அவன் சொன்னது வேறு. "நிப்பாட்டித்தான் பொடி போடணும்னு தலையில அடிச்சுக்கிறேன் முதலாளி. இந்தம்மா வாய் பாத்துக்கிட்டு நின்னுச்சு."

கவனக்குறைவு என்று சொல்லி அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது, இடது கையில் பூவைப் பிடித்துப் பல்லால் நாரை இழுத்துக்கொண்டிருந்தாள். சரம் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது.

"கொட்டை சலிக்கிற வேலையாச்சும் குடுங்கன்னு கேட்டேன். கவனமில்லாதவளுக்கு மில்லுல எந்த வேலையும் இல்லன்னு சொல்லிட்டாக" என்றாள். "நீ விட்ருத்தா. ஒனக்கும் வேலை போயிரும்."

நான் விடவில்லை. திரும்பி வரும்போது மில் கேட்டுக்கு முன்னால் நின்று, அவன் கை விளங்காமல் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றினேன். மறுநாள் அவன் அதே கையை வீசிக்கொண்டு, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்தான். மண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், கம்பி வலைகளைத் துடைத்து மிஷின்களில் மாட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. மத்தியானம் முதலாளியோடு வந்தார். என் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுதான் விபத்தைப் பற்றி விசாரித்தார். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "இங்கன எப்பவும் மோட்டார நிப்பாட்டிட்டுத்தான் சார் பெல்ட்டத் தொடுவோம். அந்தம்மாதான் அவசரப்பட்டுருச்சு."

கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கை நிதானமாகத்தான் வேலை செய்தது. பருத்தியை வாரி, மிஷின் வாய் கொள்ளாத அளவுக்குத் திணித்தேன். உருளை திணறியது. பெல்ட் வழுக்கிக் கத்த ஆரம்பித்தது. நான் குங்கிலிய டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அவன் இன்ஸ்பெக்டரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். தலையைக் கூடத் திருப்பவில்லை. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"என்னத்தா பராக்குப் பாக்குற? வலையத் தூக்கிட்டு ஓட விட்டே போடு."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதைத்தான் அந்தம்மாகிட்டயும் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

அவன் எச்சிலை விழுங்குவதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆமா சார். தெனமும் இதத்தான் சொல்லுவாக. மதினிகிட்டயும் இதத்தான் சொன்னாக."

வரிசையில் நின்ற மற்றப் பெண்களும் ஆமாம் என்றார்கள். முதலாளியின் முகம் செத்துப்போயிற்று.

மதினிக்குக் கொட்டை சலிக்கிற ஷெட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். நியாயம் கிடைத்துவிட்டதாக எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குப் போதவில்லை. அவளுக்குப் போன விரல் போனதுதான், அவனுக்குப் பத்தும் இருந்தது.

அவன் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, மில் பக்கத்து ஸ்டாப்பில் டிரங்குப் பெட்டியோடு நின்றிருந்தான். வேலை முடிந்து நானும் மதினியும் அங்கே வந்தோம். கம்பம் பஸ் கூட்டமாக வந்தது; நிறுத்தாமல் மெதுவாக உருட்டினார்கள். ஆட்கள் ஓடி ஓடித் தொற்றிக்கொண்டார்கள். அவனும் படிக்குப் பக்கத்தில் ஓடினான். கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டியவன் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"ஏன் சார் நின்னுட்டீக?" என்றேன். "ஓட விட்டே ஏறுங்க."

மதினி வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கையை அவன் பார்த்தான். அடுத்த பஸ் நன்றாக நின்ற பிறகுதான் ஏறினான்.